நான்கு சென்டிமீட்டர்

சமவெளியில் வளர்ந்த எங்களுக்கு ஸ்வெட்டர் என்பது ஊட்டிக்குப் போகும்போது மட்டும் பெட்டியில் ஏறும் சாமான். பெரும்பாலும் இரவல். தோள் இறங்கி, கை நீண்டு, பாச்சை உருண்டை வாசனையோடு இருக்கும். வேலைக்காகக் குளிர்தேசம் ஒன்றில் சில ஆண்டுகள் இருக்க நேர்ந்தபோதுதான் முதன்முதலாகச் சொந்தக் காசில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். இரண்டும் கருநீலம். ஒன்று மெரினோ, செம்மறியின் கம்பளி. மற்றது கேஷ்மியர், வெள்ளாட்டின் அடிமயிர். முதலாவதைப் போல நான்கு மடங்கு விலை.

கடையில் தொட்டுப் பார்த்தபோது அந்த நான்கு மடங்கு நியாயமாகவே பட்டது. மெரினோ பள்ளிக்கூடச் சீருடை போலச் சற்று விறைப்பாக இருந்தது. கேஷ்மியரோ பூனையின் வயிறு. மூன்றாவது வாரம் அதன் அக்குளிலும், தோள்பை உரசும் இடுப்போரத்திலும் மிளகளவு உருண்டைகள் திரண்டன. அடுத்த குளிர்காலத்தில் முழங்கை தொங்கிவிட்டது. மெரினோ, ஒன்பது ஆண்டு கழித்து இன்றும், வாங்கிய நாளின் உடற்கட்டோடு இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது கேஷ்மியரைக் கோயம்புத்தூர் மாமாவிடம் காட்டினேன். மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். பருத்தியைத் தவிர வேறெதையும் நூற்றவரில்லை. ஓர் உருண்டையைக் கிள்ளியெடுத்தார். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே அதை மெல்லப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பஞ்சு அருமையான பஞ்சுதான். ஸ்டேப்பிளு பத்தாது கண்ணு. நூலு நிக்காது.”

ஸ்டேப்பிள் என்றால் இழையின் நீளம். சுவின் பருத்திக்கும் நாட்டுப் பருத்திக்கும் விலை வித்தியாசம் எதனால் என்று கேட்டால், மில்காரர்கள் முதலில் சொல்லும் பதில் இந்தச் சொல்தான். அதன் பிறகு, அந்த இரண்டு ஸ்வெட்டர்களும் பிறந்த இடத்திலிருந்து கடைசியில் போய்ச் சேரும் இடம்வரை எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வழிநெடுக மாமா சொன்னதுதான் எதிர்ப்பட்டது.

வெள்ளாடு

கேஷ்மியர் என்ற பெயர் காஷ்மீரிலிருந்து வந்தது. ஆனால் இன்று கடையில் தொங்கும் கேஷ்மியர் ஸ்வெட்டருக்குக் காஷ்மீரோடு அநேகமாக எந்தத் தொடர்பும் இல்லை. காஷ்மீர் நெசவாளிகளுக்கு நூல் தந்த வெள்ளாடுகள்கூடக் காஷ்மீர் ஆடுகள் அல்ல. லடாக்கின் கிழக்கிலும் மேற்குத் திபெத்திலும் 4,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் சாங்தாங் பீடபூமியில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்த்தவை அவை. பஷ்ம் என்று பாரசீகத்தில் அழைக்கப்பட்ட அந்த மயிருக்காக உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 1684-இல் லடாக்கும் திபெத்தும் செய்துகொண்ட ஒப்பந்தம், மேற்குத் திபெத்தின் பஷ்ம் முழுவதும் லடாக் வழியாகவே காஷ்மீருக்குப் போகவேண்டும் என்றது. அந்த வணிகத்தின் ஊற்றுக்கண்ணையே பிடித்துவிடலாம் என்று 1841-இல் ஜம்முவின் படைத்தலைவர் ஜோராவர் சிங் திபெத்துக்குள் நுழைந்தார். டிசம்பர் குளிரில் அங்கேயே கொல்லப்பட்டார்.

சாங்தாங் ஆட்டின் இழை 12 முதல் 14 மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய இழையைக் கையால் நூற்றுச் சால்வை நெய்வதுதான் அதன் தொன்றுதொட்ட வழி. ஸ்வெட்டருக்குப் போவது பெரும்பாலும் சீனாவின் உள் மங்கோலியாவிலும் மங்கோலியாவிலும் மேயும் ஆடுகளின் இழை. நல்ல ரகம் 15, 16 மைக்ரான். 19-க்கு மேல் போனால் அமெரிக்கச் சட்டப்படி அதைக் கேஷ்மியர் என்று அழைக்கக்கூடாது.

இந்த ஆட்டுக்கு இரண்டு உடுப்பு. வெளியே நீண்ட முரட்டு மயிர், மழைக்கும் பனிக்கும். அதன் அடியில், தோலை ஒட்டி, மெல்லிய பஞ்சு. குளிர் அடித்ததும் அடிமயிர் முளைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆடு பார்ப்பது வெயிலின் கணக்கை. கோடையின் மிக நீண்ட பகல் கழிந்து பொழுது சுருங்கத் தொடங்கியதும் அடிமயிர் வளரத் தொடங்குகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் கடைசிவாக்கில் வளர்ச்சி நிற்கிறது. வசந்தத்தில் தானாக உதிர்கிறது. உதிரும் நேரம் பார்த்து மேய்ப்பர்கள் ஆட்டின் காலைக் கட்டிக் கிடத்தி, வளைந்த பற்கள் கொண்ட இரும்புச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள்.

ஆகவே அந்த இழைக்கு வளரக் கிடைப்பது ஆண்டில் பாதிதான். நல்ல கேஷ்மியர் இழை 4 சென்டிமீட்டரைத் தொடும். மட்டமானது 3-க்கும் கீழே நிற்கும். ஓர் ஆட்டிடம் கிடைப்பதோ சில பிடிகள். முரட்டு மயிரையும் அழுக்கையும் கழித்தால் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு ஸ்வெட்டருக்கு நான்கைந்து ஆடுகளின் ஓராண்டு அடிமயிர் வேண்டும். விலைக்கான முதல் காரணம் இதுதான்.

செம்மறி

மெரினோவின் ஜாதகம் வேறு. முடி உதிர்க்கும் பழக்கத்தையே அந்த இனத்திடமிருந்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி நீக்கிவிட்டார்கள். கம்பளி பன்னிரண்டு மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கும். வருஷம் ஒருமுறை கத்தரித்தால் 7, 8 சென்டிமீட்டர் நீளமுள்ள இழை, ஓர் ஆட்டுக்குக் கிலோக்கணக்கில் கிடைக்கும். வெள்ளாட்டின் சில பிடிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு மடங்கு விலை எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

ஆனால் இதுவும் ஒரு காலத்தில் எட்டாக்கனிதான். ஸ்பெயின் அரசு மெரினோ ஆட்டை நாட்டைவிட்டு வெளியே விடாமல் நூற்றாண்டுகள் காத்தது. மெஸ்தா என்ற மந்தைக்காரர்களின் சங்கத்துக்கு 1273-இலேயே அரச உரிமை கிடைத்திருந்தது. வேனிலில் வடக்கு மலைக்கும் குளிரில் தெற்குச் சமவெளிக்கும் மந்தைகள் நடக்க நாட்டின் குறுக்கே தனிப் பாதைகளே விடப்பட்டிருந்தன. 18-ஆம் நூற்றாண்டில்தான் அந்தக் கதவு திறந்தது, அதுவும் அரசர்களுக்கிடையிலான பரிசாக. 1765-இல் சாக்சனிக்கு ஒரு மந்தை. 1786-இல் பிரான்சின் ராம்பூயேவுக்கு ஒன்று. டச்சுக்காரர்களுக்குப் போன சில ஆடுகள் தென்னாப்பிரிக்க முனையில் போய் இறங்கின. அவற்றின் சந்ததியை 1797-இல் வாட்டர்ஹவுஸ், கென்ட் என்ற இரண்டு கப்பல் தலைவர்கள் சிட்னிக்கு ஏற்றிச் சென்றார்கள்.

ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை என்று ஜான் மக்கார்தரைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அவர் ஆளுநருக்கு எதிரான கலகத்தில் மாட்டிக்கொண்டு 1809 முதல் 1817 வரை இங்கிலாந்தில் இருந்தார். அந்த ஆண்டுகளில் மந்தையைப் பெருக்கி, கிடாக்களைத் தேர்ந்து, கம்பளியைக் கப்பலேற்றியவர் அவர் மனைவி எலிசபெத். பின்னாளில் எலைசா ஃபோர்லாங் என்ற ஸ்காட்லாந்துப் பெண் தன் மகன்களோடு சாக்சனியின் பண்ணை பண்ணையாக நடந்து, ஒவ்வோர் ஆட்டின் மயிரையும் பிரித்துப் பார்த்து வாங்கிக் கப்பலேற்றினார். டாஸ்மேனியாவின் மிக நுண்ணிய கம்பளிக்கு அந்தச் சாக்சன் ரத்தம் ஒரு வேர்.

இந்த வம்சத்தின் ஒரு கிளை நமக்குப் பக்கத்திலும் உண்டு. நீலகிரி செம்மறி என்று இன்று தனி இனமாகக் கணக்கிடப்படும் ஆடு, 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோவும் வேறு சில ஆங்கில இனங்களும் கலந்து உருவானது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் அதை வைத்துக் காக்கிறது. இரவல் ஸ்வெட்டரோடு ஊட்டிக்குப் போன நாட்களில் இது எனக்குத் தெரியாது.

மெரினோவின் தடிமனும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சாதாரண மெரினோ 20 மைக்ரானை ஒட்டி இருந்தால், மிக நுண்ணிய ரகங்கள் 17, 16 என்று போகின்றன. கோட் துணியில் காணும் சூப்பர் 100, சூப்பர் 120 என்ற எண்கள் இந்தத் தடிமனைத்தான் சொல்கின்றன. 100 என்றால் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 120 என்றால் 17.75. அதாவது நல்ல மெரினோவும் நடுத்தரக் கேஷ்மியரும் தடிமனில் ஏறத்தாழப் பக்கத்துவீட்டுக்காரர்கள். கம்பளி குத்துகிறது என்ற புகார் ஒவ்வாமையால் வருவதுமல்ல. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலில் குத்தி நரம்பைத் தொடும். அதற்குக் கீழே வளைந்துகொடுத்துவிடும். இரண்டு ஸ்வெட்டரும் அந்த எல்லைக்கு வெகு கீழே.

பிறகு ஏன் கை கேஷ்மியரைத் தேடுகிறது? நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாக் கம்பளி இழையும் தென்னை மரத்தண்டு போல வளையம் வளையமாகச் செதில் கொண்டது. கேஷ்மியரின் செதில்கள் மெலிந்தவை, இடைவெளி விட்டு அமைந்தவை. அதனால் விரல் வழுக்குகிறது. மெரினோவுக்குச் செதில் நெருக்கம். அதோடு அதன் இழை இயல்பிலேயே சுருண்டு நெளிந்தது. இந்த நெளிவு பின்னால் வேலை காட்டும்.

கார்டும் கோம்பும்

வாரி எடுத்த வெள்ளாட்டு மயிரில் முரட்டு மயிரும் மென்மயிரும் கலந்தே இருக்கும். அதைப் பிரிப்பதற்குக் காஷ்மீரப் பெண்களின் விரல்களை விட்டால் வேறு கருவி நெடுங்காலம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜோசஃப் டாசன் என்பவர் அதற்கொரு எந்திரம் அமைத்தார். அதன் சூட்சுமம் நெடுநாள் தொழில் ரகசியமாக இருந்தது. கேஷ்மியர், சால்வையைவிட்டு இறங்கி ஸ்வெட்டராக முடிந்தது அந்த எந்திரத்தால்தான்.

அந்த எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. முரட்டு மயிரைக் கழிக்க எத்தனை முறை ஓட்டுகிறோமோ அத்தனை முறை மென்மயிரும் சிறிது அறுபடும். அவசரமாகவும் முரட்டுத்தனமாகவும் ஓட்டினால் 4 சென்டிமீட்டர் இழை 3 ஆகிவிடும். தடிமன் துளியும் மாறாது. ஆய்வுக்கூடத்தில் 15.5 மைக்ரான் என்று சான்றிதழ் வரும், லேபிளில் நூறு சதவீதம் கேஷ்மியர் என்று அச்சாகும். இரண்டும் உண்மை. என் ஸ்வெட்டரின் லேபிளும் பொய் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது நூற்பு. திருப்பூர் பனியன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார்டு நூல், கோம்டு நூல் என்று அவர்கள் சொல்லும் பிரிவுதான் கம்பளியிலும். மெரினோவின் நீள இழையைச் சீவி, குட்டை இழைகளை வெளியே தள்ளி, மிச்சத்தை இணையாகப் படுக்கவைத்து முறுக்கினால் வழவழப்பான, இறுக்கமான கோம்டு நூல் வரும். ஒவ்வோர் இழையும் பல முறுக்குகளுக்குள் பிடிபட்டிருப்பதால் எளிதில் வெளியே வராது. கேஷ்மியரின் குட்டை இழைக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் அதைக் கார்டு மட்டும் செய்து, இழைகள் கன்னாபின்னாவென்று கிடக்க அப்படியே நூற்கிறார்கள். நூலுக்குள் காற்று நிறையத் தங்கும். கதகதப்பும் மெத்தென்ற தன்மையும் அந்தக் காற்றால் வருபவை. கேஷ்மியர் கம்பளியைவிட இத்தனை மடங்கு சூடு என்று விளம்பரங்கள் சொல்லும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூட்டைத் தருவது நூலிலும் பின்னலிலும் அடைபட்ட காற்று. மெல்லிய கேஷ்மியரைவிடத் தடித்த மெரினோ குளிரை நன்றாகத் தாங்கும்.

அதே தளர்வுதான் பலவீனமும். முறுக்கில் சரியாகப் பிடிபடாத குட்டை இழையின் முனை, உரசும் இடத்தில் வெளியே வரும். பக்கத்து முனையோடு சிக்கும். உருளும். தொழிலில் அதற்குப் பில்லிங் என்று பெயர். மாமா பிரித்துப் பார்த்த மிளகு அதுதான். இதற்கு நூற்பாளர்களிடம் உள்ள மாற்று, இரண்டு நூலைச் சேர்த்து முறுக்குவது. இரண்டு பிளை நூல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒற்றை நூலில் பின்னிய மலிவு ஸ்வெட்டர் சில துவைப்பிலேயே ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வதும் உண்டு.

ஸ்காட்லாந்தின் கின்ராஸில், லெவன் ஏரிக் கரையில், டாட் அண்ட் டங்கன் என்ற நூற்பாலை இருக்கிறது. 1867-இல் தொடங்கிய நிறுவனம். உள் மங்கோலிய இழை கடல் கடந்து அங்கே வந்து, சாயமேறி, நூலாகி, உலகின் பெயர்பெற்ற பின்னலாலைகளுக்குப் போகிறது. 2009-இல் அதைச் சீனாவின் நிங்சியாவைச் சேர்ந்த கேஷ்மியர் நிறுவனம் ஒன்று வாங்கியது. ஆடு மேயும் நாடே ஆலையையும் வாங்கிக்கொண்டது.

தோள் எங்கே விழுகிறது

ஸ்காட்லாந்தின் தெற்கெல்லையில் டெவியட் ஆற்றங்கரையில் ஹாயிக் என்ற சிற்றூர். 1771-இல் ஜான் ஹார்டி என்பவர் அங்கே நான்கு காலுறைத் தறிகளைக் கொண்டுவந்து வைத்தார். பிரிங்கிள் 1815-இல் அங்கே தொடங்கியதும் காலுறையும் உள்ளாடையும்தான். ஸ்வெட்டர் பிற்பாடு வந்தது. உள்ளே போடும் கம்பளிச் சட்டை, 20-ஆம் நூற்றாண்டில் வெளியே வரத் துணிந்தபோது அதற்கு வடிவம் தேவைப்பட்டது.

வடிவத்துக்கான எந்திரத்தை 1864-இல் லஃபரோ ஊரைச் சேர்ந்த ஒருவர் பதிவு செய்திருந்தார். அவர் பெயர் வில்லியம் காட்டன். கம்பளி ஸ்வெட்டரின் தலையெழுத்தை எழுதியவர் பெயர் பருத்தி என்பது ஒரு வேடிக்கை. துணியைச் சுருளாகப் பின்னிப் பிறகு கத்தரியால் வெட்டித் தைப்பதற்குப் பதிலாக, முன்பக்கம், முதுகு, கை ஒவ்வொன்றையும் அதனதன் வடிவிலேயே பின்னியெடுக்க அந்த எந்திரம் வழிசெய்தது. அகலம் வேண்டும் இடத்தில் ஓரத்தில் ஒரு கண்ணி கூட்டும். ஒடுங்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணியைப் பக்கத்தோடு சேர்க்கும். சேர்த்த இடத்தில் சிறு தழும்பு விழும். நல்ல ஸ்வெட்டரின் கைக்குழியை ஒட்டிச் சாய்வாக ஓடும் புள்ளிவரிசை அலங்காரமல்ல, அந்தத் தழும்பு. கேஷ்மியர் போன்ற விலையுயர்ந்த நூலில் வெட்டுத்துண்டாக ஒரு கிராம்கூட வீணாகக்கூடாது என்பதும் இந்த முறைக்கு ஒரு காரணம்.

துண்டுகளைச் சேர்ப்பதற்கு லிங்கிங் என்று பெயர். வட்டத்தகட்டின் விளிம்பில் ஊசிகள் நிற்கும். கழுத்துப்பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் உடம்பின் கண்ணியோடு ஒன்றுக்கு ஒன்றாக அந்த ஊசியில் கோக்கவேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் கடுமையான வேலை. ஒரு கண்ணி தப்பினாலும் நாளடைவில் கழுத்துப் பின்னல் பிரிந்து ஓடிவிடும். மலிவு ஆடையில் அந்த இடத்தை ஓவர்லாக் தடிப்பாக மூடியிருக்கும். ஜப்பானின் ஷீமா செய்கி நிறுவனம் 1995-இல் முழு ஸ்வெட்டரையும் தையலே இல்லாமல் ஒரே எந்திரத்தில் பின்னிக் காட்டியது. இருந்தும் நல்ல ஆலைகள் பலவற்றில் கழுத்து இன்னும் மனிதக் கண்ணை நம்பியே இருக்கிறது.

பொருத்தம் என்பது இங்கே தொடங்குகிறது. தோள்தையல் தோளெலும்பின் நுனியில் விழவேண்டும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால், கையைத் தூக்கும்போது உடம்பு முழுவதும் ஏறாது. ஆழமாகத் தொங்கினால் மடிப்பு விழும், அதே இடத்தில் உரசி உருண்டையும் திரளும். பொருத்தமில்லாத ஸ்வெட்டர் சீக்கிரம் கெடும் என்பதை அனுபவத்தில்தான் கற்றேன்.

இரண்டு நூலுக்கும் உடம்பின்மேல் நிற்கும் விதம் வேறு. அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதைக் கேஜ் என்கிறார்கள். கேஷ்மியர் ஸ்வெட்டருக்கு 12 கேஜ் வழக்கமான அளவு. கோம்டு மெரினோவை 30 கேஜ் வரை நுணுக்கமாகப் பின்னலாம். 1784-இலிருந்து டெர்பிஷயரில் இருக்கும் ஜான் ஸ்மெட்லியின் பெயர் அதற்கே நிலைத்தது. 30 கேஜ் மெரினோ சட்டைத்துணி போல உடம்பின் வரியோடு இறங்கும், கோட்டுக்குள் போட்டால் தெரியாது. 12 கேஜ் கேஷ்மியர் உடம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மெரினோவின் நெளிவு சுருள்கம்பி மாதிரி. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். கேஷ்மியருக்கு அந்த நெளிவு குறைவு. அதனால் முழங்கையும் இடுப்பு ரிப்பும் நாளடைவில் தளரும். ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கினால் சௌகரியம் என்று நினைத்து நான் கேஷ்மியரில் செய்ததுதான் பெரிய தவறு. தளரும் துணியை அளவாக வாங்கவேண்டும்.

தண்ணீர்

எந்திரத்திலிருந்து இறங்கும் ஸ்வெட்டரைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள். நூற்பு எண்ணெய் படிந்து, கோணிபோல இருக்கும். அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிப் புரட்டும்போது இழைமுனைகள் மேலே எழும்பி மெல்லிய பூனைமயிர்ப் படலம் உண்டாகும். மில்லிங் என்று பெயர். ஹாயிக் பின்னலூராக நிலைத்ததற்கு டெவியட் ஆற்றின் கடினமற்ற தண்ணீரும் ஒரு காரணம் என்பார்கள். எத்தனை நிமிஷம் அலசுவது என்பதே கைப்பக்குவம். சற்றுக் குறைவாக அலசினால் ஸ்வெட்டர் முதல் வருஷம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், போடப் போட இளகும். இதுவே பழைய ஸ்காட்லாந்துப் பாணி. கூடுதலாக அலசினால் கடையிலேயே பூனைவயிறு தயார். ஆனால் அந்தப் படலம் முழுவதும் நூலைவிட்டு ஏற்கெனவே பாதி கழன்றுவிட்ட இழைகள்.

குட்டை இழை, தளர்ந்த பின்னல், அதிகப்படியான மில்லிங். இந்த மூன்றும் சேர்ந்தால் தொடுவதற்கு அதைவிட மென்மையான ஸ்வெட்டர் கிடையாது. நான் கடையில் மயங்கியது இந்தக் கூட்டணியிடம்தான்.

மெரினோவுக்கும் தண்ணீரில் ஓர் ஒப்பனை நடக்கும். செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டுத்தான் கம்பளி சுருங்குகிறது. குளோரினால் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பிசினைப் பூசிவிட்டால் வாஷிங்மெஷினில் போடலாம். ஹெர்கோசெட் என்ற அந்தப் பிசின் முறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. வசதிதான். விலையாகக் கழிவுநீரில் குளோரின் போகிறது, இழை தன் சொந்த மேனியை இழக்கிறது.

விலை இறங்கிய கதை

ஒரு காலத்தில் அரசிகளும் திரைநடிகைகளும் உடுத்திய கேஷ்மியர், இன்று சூப்பர்மார்க்கெட் அலமாரியிலும் கிடைக்கிறது. மங்கோலியாவில் 1990 வாக்கில் ஏறத்தாழ 50 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. கூட்டுப்பண்ணைகள் கலைந்து, மந்தைகள் தனியார் கைக்கு வந்து, ரொக்கம் தரும் ஒரே சரக்கு கேஷ்மியர் என்றானபின் 2019-இல் அது ஏறத்தாழ 2.9 கோடி. வெள்ளாடு புல்லை அடியோடு மேயும், கூரிய குளம்பால் மண்ணின் மேற்பரப்பைக் கீறும். வறண்ட கோடையும் கொடும்பனியும் அடுத்தடுத்து வரும் ஆண்டை மங்கோலியர்கள் ட்சுட் என்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தின் ட்சுட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தை பெருத்துப் புல் குறைந்திருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

மேய்ப்பனைக் குறை சொல்ல முடியாது. எடைக்குத்தான் காசு என்றால் எடை கூடும் ஆடுதான் மந்தையில் தங்கும். நீளத்துக்கும் நுண்மைக்கும் தனி விலை கொடுக்காத வியாபாரிக்கு அவை கிடைப்பதுமில்லை. ஹாயிக்கையும் இந்த விலையிறக்கம் விட்டுவைக்கவில்லை. பிரிங்கிள் 2008-இல் அங்கே பின்னுவதை நிறுத்தியது. டாசனின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2012-இல் நொடித்தது. அதன் வசமிருந்த பேரி என்ற பின்னலாலையை அதே ஆண்டு பாரிஸின் ஷனெல் வாங்கிக் காப்பாற்றியது.

கடைசி ஊர்

இப்போது கடைக்குப் போனால் என் கை செய்யும் வேலை வேறு. ஸ்வெட்டரை விளக்குக்கு எதிரே பிடிக்கிறேன். வலைபோல வெளிச்சம் கசிந்தால் வைத்துவிடுகிறேன். மணிக்கட்டு ரிப்பை இழுத்து விடுகிறேன், திரும்புகிறதா என்று. கைக்குழியில் தழும்பு தேடுகிறேன். உள்ளங்கையால் பத்துமுறை தேய்த்துப் பஞ்சு உருள்கிறதா பார்க்கிறேன். மென்மையைக் கடைசியாகத்தான் கேட்கிறேன். வீட்டில் துவைப்பது குளிர்ந்த நீரில், கையால். காயவைப்பது துண்டின்மேல் கிடத்தி. பருவம் முடிந்ததும் கழுவாமல் பெட்டியில் வைப்பதில்லை, வியர்வையும் சோற்றுக்கறையும் அந்துப்பூச்சியின் புழுவை விருந்துக்கு அழைக்கும். புழுவுக்கு மெரினோவும் கேஷ்மியரும் ஒன்று, இரண்டும் கெரட்டின்.

எவ்வளவு காத்தாலும் ஸ்வெட்டர் ஒருநாள் கந்தலாகும். கந்தலுக்கும் ஊர்கள் உண்டு. மேலைநாடுகள் கழித்த உடைகள் மூட்டை மூட்டையாகக் காண்ட்லா துறைமுகம் வழியே ஹரியானாவின் பானிபட்டுக்கு வருகின்றன. நிறவாரியாகப் பிரிந்து, பொத்தானும் லேபிளும் அறுபட்டு, பீறப்பட்டு, மறுபடி நூலாகி, வெள்ள நிவாரணத்தில் கொடுக்கும் கம்பளிப் போர்வையாகின்றன. கம்பளிக் கந்தலைப் பீறி நூலாக்கும் இந்த வித்தை 1813 வாக்கில் இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்தது. கேஷ்மியருக்கு இன்னும் கௌரவமான இடம் இத்தாலியின் பிராட்டோ. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கந்தல் பிரிப்பது ஒரு குலத்தொழில் போல. மூட்டைக்குள் கைவிட்டதும் இது கேஷ்மியர், இது மெரினோ என்று விரல் சொல்லிவிடும். லேபிளை அவர்கள் பார்ப்பதில்லை.

பிரித்த கேஷ்மியரை முள்ளுருளைகளுக்கு நடுவே விட்டுப் பீறுகிறார்கள். வெளியே வரும் பஞ்சை நுண்ணோக்கியில் வைத்தால் தடிமன் கோபிப் பாலைவனத்து ஆட்டிடமிருந்து வாரிய நாளில் இருந்ததேதான். 15 மைக்ரான் என்றால் 15. நுண்மையை யாராலும் தேய்க்க முடியவில்லை. போயிருப்பது நீளம். பீறலில் துண்டுதுண்டாகி, தனியே நூலாக நிற்க முடியாத குட்டையாகிவிட்டது. அதற்காகப் பிராட்டோவில் அதோடு புதிய நீள இழையைக் கொஞ்சம் கலக்கிறார்கள். பெரும்பாலும் அது மெரினோ.

என் பழைய கேஷ்மியரை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஏதாவது ஒரு மூட்டையில் ஏறி அது பிராட்டோ போய்ச் சேர்ந்தால், அலமாரியில் ஒன்பது ஆண்டு பக்கத்திலேயே கிடந்த மெரினோவின் இனம் அதைத் தாங்கிப் பிடிக்கும். மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். “அங்கயும் அதே கலவைதானா?” என்று சிரித்தார். பருத்தி மில்லில் குட்டைப் பஞ்சுக்கு அவர்கள் முப்பது வருஷமாகச் செய்துவந்த வைத்தியம் அது.